கணக்கு வராதவர்களின் புகலிடமா கைத்தொழில்?

மலேசியாவின் எஸ்பிஎம் தேர்வு முடிவுத் தாளில் கணிதத்துக்கு நேரே தோல்வியைக் குறிக்கும் ‘ஜி’ விழுந்திருந்தால், ஜொகூரின் பல தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான் எழும்: “கணக்கு வரலைன்னா போகுது, வயரிங்கோ வெல்டிங்கோ கத்துக்கட்டும். கையில தொழில் இருந்தா பொழச்சுக்கலாம்.” மாமா சொல்வார், பள்ளி ஆலோசக ஆசிரியர் சொல்வார், கோயில் கமிட்டித் தலைவரும் சொல்வார். சொல்பவர்களின் அக்கறையில் சந்தேகமில்லை. ஆனால் அந்த யோசனையில் ஒரு நல்ல வழியும் ஒரு பொய்யான உறுதிமொழியும் கலந்தே கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நல்ல வழியை முதலில் பார்ப்போம். எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். கணிதத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழோ இன்னும் தாராளமானது. எழுதப் படிக்கத் தெரிந்தால் முதல் நிலையில் சேரலாம். மூன்று நிலைகளை முடித்தால் நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. எஸ்கேஎம் நிலைகளில் மதிப்பெண்ணின் பெரும்பங்கு செய்து காட்டும் வேலைக்கே. பாசிர் கூடாங், லேடாங், மெர்சிங் ஆகிய இடங்களில் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பத்து பகாட்டில் உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது.

படித்து முடித்தவர்களுக்கு வேலையும் தொலைவில் இல்லை. பாசிர் கூடாங்கில் துறைமுகமும் ஆலைகளும், பெங்கேராங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகம், கூலாய், செடெனாக் பக்கம் வரிசையாக எழும் தரவு மையங்கள். 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்பது இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு பாடத்தில் தோற்ற பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இதைவிட ஆழமான நன்மை ஒன்றும் உண்டு. கணக்குப் பயம் வேறு, கணக்கு வராமை வேறு. ரிச்சர்ட்சன், சுயின் என்ற இருவர் 1972இல் இந்தப் பயத்தை அளக்க ஓர் அளவுகோலையே உருவாக்கினார்கள். பதற்றம் வந்ததும் மனம் எண்களை ஏந்தி வைத்திருக்க வேண்டிய இடத்தை அந்தப் பதற்றமே பிடித்துக்கொள்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கணக்கு வருவதும் வராததும் இடத்தைப் பொறுத்தும் மாறும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களை வைத்து நடத்திய ஆய்வு 1985இல் வெளிவந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாகச் சொன்ன அதே சிறுவர்கள், வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள்.

பட்டறை அந்தத் தெருவுக்கு நெருக்கமான இடம். ஓடு பதிப்பவர் சுவர் மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று டேப்பைப் பிடித்துப் பார்ப்பார். வந்தால் மூலை செங்கோணம். பிதாகரஸ் பெயரைக் கேட்டு நடுங்கிய பையனும் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்வான். தவறினால் ஓடு கோணலாக நின்று உடனே காட்டிக்கொடுக்கும்; பிரித்துத் திரும்பப் பதிக்கலாம். ஆண்டு முடிவில் சிவப்பு மையில் வரும் தண்டனை அங்கே இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு தமிழில் கணக்குப் படித்து, இடைநிலைப்பள்ளியில் திடீரென மலாயில் நீண்ட வினாக்களைச் சந்தித்த பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய ஆறுதல். அவர்களில் சிலருக்கு எண்களோடு தகராறே இருந்ததில்லை; வினாவைப் படித்துப் புரிந்துகொள்வதில்தான் தடுக்கியது.

இனி பொய்யான உறுதிமொழிக்கு வருவோம். “அங்கே கணக்கு இருக்காது” என்பதுதான் அது; இந்த யோசனையின் முதல் குறையும் அதுவே. குளியலறையில் 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் பொருத்தப் போகிறவர் 3,600ஐ 230 வோல்ட்டால் வகுத்தாக வேண்டும். 15.65 ஆம்பியர் வரும். சாதாரண 13 ஆம்பியர் பிளக் தாங்குவது 2,990 வாட் மட்டுமே. ஆகவே அதற்குத் தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். இந்த வகுத்தலைத் தவிர்த்தவரின் வேலையில் பிளக் உருகும், வீடும் எரியலாம். கழிவுநீர்க் குழாயை 40க்கு 1 என்ற சரிவில் போட வேண்டுமானால் 6 மீட்டர் ஓட்டத்துக்கு 150 மில்லிமீட்டர் இறக்கம் தேவை. இறக்கம் போதாவிட்டால் அடைப்பு எடுக்க அந்த வீட்டுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

இரண்டாவது குறை உடனே தெரிவதில்லை. முதல் சில ஆண்டுகள் மூத்தவர் சொன்னதைச் செய்தாலே போதும். மேலே ஏறும்போதுதான் கணக்கு வந்து நிற்கும். ஒரு குழாய் ஃபிட்டர் 45 பாகை வளைவு என்றால் விலகலை 1.414ஆல் பெருக்க வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருப்பார்: 300 மில்லிமீட்டர் விலகலுக்கு 424 மில்லிமீட்டர் குழாய். வளைவு 22½ பாகையாக இருந்தால் பெருக்க வேண்டிய எண் 2.613. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் வயர்மேன் த்ரீ ஃபேஸுக்குப் போக நினைத்தால், 400 வோல்ட்டோடு 1.732ஐயும் பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்கி வகுக்க வேண்டும். 0.85 பவர் ஃபேக்டரில் 15 கிலோவாட் சுமைக்கு ஏறக்குறைய 25.5 ஆம்பியர். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழுக்கு இதைத் தாளிலும் செய்து காட்ட வேண்டும். ரெசிஃபே ஆய்வின் மறுபக்கம் இங்கேதான் உறைக்கிறது: கைக்கு வந்த கணக்கு தானாகத் தாளுக்கு வந்துவிடுவதில்லை. யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்காவிட்டால், நல்ல கைப்பழக்கம் உள்ளவரும் முப்பத்தைந்து வயதில் இன்னொருவரின் லைசென்ஸுக்குக் கீழே ஹெல்பராகவே இருப்பார். போனில் கால்குலேட்டர் இருக்கிறதே என்பார்கள். அது வகுத்துக் கொடுக்கும். எதை எதால் வகுக்க வேண்டும் என்று சொல்லாது.

மூன்றாவது குறை பணத்தில் தெரியும். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாள்கூலி 65.38, அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு 8.17, சாதாரண நாள் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. இதைப் போட்டுப் பார்க்கத் தெரியாதவர் கையில் வந்ததை வாங்கிக்கொள்வார். சொந்தமாகக் குத்தகை எடுத்தால் ஆபத்து இன்னும் அதிகம். 1,000 ரிங்கிட் செலவுக்கு 20 விழுக்காடு லாபம் வைத்து 1,200க்குக் கொட்டேஷன் கொடுக்கிறார். வீட்டுக்காரர் பத்து விழுக்காடு குறைக்கச் சொல்கிறார். இருபதில் பத்து போனால் பத்து மிச்சம், 100 ரிங்கிட் நிற்கும் என்று நினைத்துத் தலையாட்டுகிறார். நிற்பது 80தான்.

நான்காவது குறை சமூகத்தைச் சார்ந்தது. கணக்கில் தோற்றவர்களுக்கு என்று தொழில்துறையை ஒதுக்கிவிட்டால், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையிடம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பொறியியல் படிப்புக்குப் பணமில்லாமல் தவிக்கும் பிள்ளைக்கும் திறன் டிப்ளோமா ஒரு கௌரவமான வழி என்பது மறந்துபோகிறது. அனைத்துலகப் பீசா மதிப்பீட்டில் மலேசியாவின் கணிதப் புள்ளி 2018இல் 440 ஆக இருந்து 2022இல் 409க்கு இறங்கியது. ஒரு நாடே சறுக்கிய பாடத்தின் மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் பாதையை முடிவு செய்வது நியாயமாகாது.

ஆக, கணக்கு வராத பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பும் இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டியதில்லை, திருத்த வேண்டும். வாசல் எளிதாக இருப்பது அதன் பலம். அந்த எளிமையைக் காட்டி மேல் நிலைகளை மறைப்பது அதன் குற்றம். ஓடு பதிப்பும் குழாய் வேலையும் நீளம், பரப்பு, சரிவு கேட்கும். மின்வேலையும் ஏர்கண்டிஷன் வேலையும் விகிதமும் வாய்பாடும் கேட்கும். சிஎன்சி எந்திரவேலை தசமமும் கோணமும் கேட்கும். பிள்ளை எந்தக் கணக்குக்குப் பயப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் தொழிலைத் தேர்ந்தெடுப்பதும் சுலபமாகும். எஸ்பிஎம் ‘ஏ’க்களுக்கு டியூஷன் நடத்தும் நம் சங்கங்கள், பத்தொன்பது வயதில் பின்னத்தையும் விழுக்காட்டையும் திரும்பக் கற்க வேண்டியவர்களுக்கும் வாரம் ஒரு மாலை ஒதுக்கலாம், டேப்பையும் மல்டிமீட்டரையும் மேசையில் வைத்தே பாடத்தைத் தொடங்கலாம்.

யோசனை சொல்கிற பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். “தொழில் கத்துக்க” என்பதோடு நிறுத்தாமல், அந்தத் தொழிலில் முதல் வருடம் என்ன கணக்கு, ஐந்தாம் வருடம் லைசென்ஸுக்கு என்ன கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால், அந்த வேலையில் பத்து வருடம் இருந்தவரிடம் பிள்ளையை அழைத்துப் போய், அவர் போட்ட ஒரு கொட்டேஷனைக் காட்டச் சொல்லுங்கள்.