கைக்குறியும் சொல்லும்

பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் 2003-இல் தொடங்கிய ‘சம்திங் ஸ்பெஷல்’ என்னும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஈண்டு ஆராய்வாம். கற்றலில் இடர்ப்படும் இளஞ்சிறாரை நோக்கியமைந்த இதன்கண், ஜஸ்டின் பிளெட்சர் பேசுங்கால் மாக்கட்டன் முறையில் கைக்குறியும் காட்டுகின்றார்.

1970-களில் இங்கிலாந்தில் உருவான இம்முறை தனிமொழி அன்று. செவிப்புலனற்றோர் வழங்கும் பிரித்தானியச் சைகைமொழிக்குத் தனக்கென இலக்கணம் உண்டு. மாக்கட்டனோ, ஆங்கிலச் சொல் வரிசையையே பின்பற்றி, பொருள் தாங்கும் தலைமைச் சொற்களைக் கைக்குத் தந்து, ஏனையவற்றைக் குரலுக்கு விடுகின்றது. இரண்டனையும் ஒன்றென மயங்குதல் இருசாரார்க்கும் தீங்காம்.

குறி பேச்சைத் தடுக்கும் என அஞ்சுவார் உளர். குரலொடு கூடியே வருதலின், குறி பேச்சிற்கு ஊன்றுகோலாவதன்றிப் பகையாகாது.

இடர்ப்பாடுடைய சிறாரே திரையில் தோன்றிப் பங்கேற்றல் இந்நிகழ்ச்சியின் தலையாய சிறப்பென யாம் கருதுகின்றோம். அங்ஙனம் தோன்றுதலால், காணும் குழவி இரக்கத்திற்குரியதாக நில்லாது, உரையாடலில் உரிமை பெறுகின்றது.