பதினேழாம் எண் பெண்

நாட்டுப்புறப் பாடல் பற்றிய ஆய்வேடு கைக்கு வந்தால் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். அங்கே ‘தகவலாளர் பட்டியல்’ இருக்கும். வரிசை எண், பெயர், வயது, சாதி, கல்வி, தொழில், ஊர். கல்விக் கட்டத்தில் பெரும்பாலும் ‘இல்லை’. முன்பக்கத்திலோ, இந்த ஆய்வேடு என் சொந்த உழைப்பில் உருவானது என்று ஆய்வாளர் கையெழுத்திட்ட உறுதிமொழி. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை அந்தப் பெண்கள் பாடிய பாடல்கள்.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை கொண்டுவந்தது. ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் திருத்தி மறுபடி தரவேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வேண்டிய விதிதான்; வெட்டி ஒட்டிய ஏடுகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் மென்பொருள் எழுத்தை எழுத்தோடுதான் ஒப்பிடும். ஒருத்தி வாயிலிருந்து எடுத்ததை எதனோடு ஒப்பிடும்? யாரும் அச்சிடாத ஒப்பாரியைப் பதிவுசெய்து ஏட்டில் இறக்கினால் ஒற்றுமை சுழியம். விதியின் கண்ணில் அது அப்பழுக்கில்லாத சொந்தச் சரக்கு.

நானும் அப்படிப் பட்டம் வாங்கியவள்தான்.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பார்கள். அதனால் அந்த அம்மா என்னை ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பாடினார். இறந்த கணவருக்காக ஊரார் முன்னால் பாடிய பாட்டு, முழுக்கப் புகழ்ச்சி. பாடி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், அன்று பாடாமல் விழுங்கியதையும் அதே ராகத்தில் பாடினார். அடி, பட்டினி, வயிற்றிலேயே போன பிள்ளை. “இது உன்னோட இருக்கட்டும் தாயி” என்றார். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

என் ஆய்வேட்டில் ‘குடும்ப உறவுச் சிக்கல்கள்’ என்ற இயலில் அது இருக்கிறது. நெறியாளர் மிகவும் பாராட்டிய பகுதி. பாட்டின் கீழே ‘தகவலாளர் 17’ என்று மட்டும். பின்னிணைப்பில் 17க்கு எதிரே அவர் பெயரும் ஊரும். பாடலாசிரியராக அவர் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் எண்ணைப் போட்டேன். மறைத்திருக்க வேண்டிய இடத்தில் பெயரையும் ஊரையும் போட்டேன். யாரும் அதைத் தவறென்று சொல்லவில்லை. முறையியல்படி அதுதான் சரி.

‘தகவலாளர்’ என்ற சொல்லையே நான் சந்தேகிக்கிறேன். ஒப்பாரி தகவலா? ஆண் புலவர் பாடினால் கையறுநிலை, இவள் பாடினால் தரவு.

வேறு வழி இல்லாமலில்லை. புதுச்சேரிப் பக்கத்துத் தலித் விவசாயக் கூலியும் பாடகியுமான விராம்மாவின் வாழ்க்கைக் கதை 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வந்தபோது, ஜோசியான் ராசின், ழான்-லுக் ராசின் ஆகியோருடன் விராம்மாவும் நூலாசிரியராக நின்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தன் பெயரில் வேற்றுமொழியில் இருப்பதை எப்படிச் சரிபார்ப்பார் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. ஆனாலும் அவர் பெயர் அட்டையில் இருக்கிறது, பின்னிணைப்பில் அல்ல.

இப்போது என் மாணவிகளிடம் ஒன்று சொல்கிறேன்: ஏட்டை ஒப்படைக்கும் முன், எழுதியதைப் பாடியவரிடமே போய் வாசித்துக் காட்டு, பெயர் போடலாமா என்று கேள். ஒருத்தி அப்படிப் போய்வந்தாள். பாட்டி பெயரைப் போடச் சொன்னாராம், ஒரு பாட்டை எடுத்துவிடச் சொன்னாராம். அந்த இயலே அந்தப் பாட்டின் மேல்தான் நின்றது. என் அறையில் உட்கார்ந்து அழுதாள், பிறகு எடுத்துவிட்டாள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், இந்த இயல் ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கேட்டார்.

“பாட்டி வேண்டாம்னு சொன்னாங்க ஐயா.”

அறையில் சிரிப்பு எழுந்தது. ‘தரவு போதாது’ என்று அவர் அறிக்கையில் எழுதினார்.