நிய்யத்தும் நேசமும்: கீழக்கரை மரபு குறித்து ஒரு மதிப்பீடு

தமிழ் முஸ்லிம்களின் சமய இலக்கியத்தை ஆராய்வோர் அதனை இரு கூறாக்கிக் காண்பது வழக்கமாகிவிட்டது. ஒருபுறம் ஷரீஅத்தை விளக்கும் ஆலிம்களின் நூல்கள். மறுபுறம் இறைக்காதலைப் பாடும் ஞானியரின் பாடல்கள். முன்னதில் அன்பில்லை, பின்னதில் சட்டமில்லை என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு வரலாற்றுக்கும் ஒவ்வாது, மார்க்கத்திற்கும் ஒவ்வாது என்பதே நமது துணிபு.

குணங்குடி மஸ்தான் சாஹிபு (1792–1838) கீழக்கரையில் தைக்கா சாஹிபு எனப்பெறும் ஷைகு அப்துல் காதிர் லெப்பை ஆலிமிடம் பயின்றவர். 'ஃபத்ஹுத் தையான்' என்னும் மார்க்கச் சட்ட நூலை அரபுத்தமிழில் இயற்றிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதே ஆசானின் மாணாக்கர், மருமகனும் ஆவார். பராபரக்கண்ணியும் அச்சட்ட நூலும் ஒரே ஆசானின் நிழலில் விளைந்தவை.

மஸ்தான் சாஹிபு மனோன்மணி, நந்தீசுவரர், அகத்தீசர் முதலிய பெயர்களை ஆள்வது தவ்ஹீதுக்கு இழுக்கன்றோ என வினவுவோர் உளர். அவ்வினாவை நாம் அலட்சியப்படுத்தவில்லை. வழிகாட்டியின்றிப் பயிலும் இளைஞர் அச்சொற்களில் தடுமாறக்கூடும். எனினும், தமிழ்ச் சித்தர் மரபின் குறியீட்டுச் சொற்களை அவர் எடுத்தாண்டார் என்பதனாலேயே அவரது நம்பிக்கையை அளந்துவிட இயலாது. பராபரக்கண்ணியில் அடிதோறும் விளிக்கப்படுபவன் ஒருவனே. அவனிடம் அடியான் இரந்து நிற்கும் நிலையே அப்பாடலின் உயிர்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். கீழக்கரையார் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் தொழுகையின் முதல் ருக்னு நிய்யத்து. அதனை நாவால் மொழிவது சுன்னத்து மட்டுமே. உள்ளத்தால் கருதுவதே கடமை. ஆக, சட்டத்தின் தலைவாயிலே உள்ளத்தில்தான் திறக்கிறது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும், நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தவும் இடமளிக்கும் சட்டம், அடியார்மீது பரிவுடையவனின் சட்டமன்றோ? இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவின் 40 பாகங்களுள் தொழுகையின் அந்தரங்கங்களை 4ஆவதாகவும் இறைநேசத்தை 36ஆவதாகவும் வைத்தார். ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை அடையும் வழியை அவர் காட்டவில்லை.

குறை நமது பாடமுறையிலும் உண்டு. உளூவை முறிப்பவை எவையென மாணவர் ஒப்பிக்கின்றனர். யார் முன்னிலையில் நிற்பதற்காக அந்த உளூ என்பதை நாம் போதிய அளவு உணர்த்துவதில்லை. மத்ரஸாக்களில் ஃபிக்ஹுப் பாடத்தோடு ஞானப் பாடல்களும், ஞானப் பாடல்களை ஆய்வோர் நடுவே ஃபிக்ஹு அறிவும் இடம்பெறுமாயின், கீழக்கரை ஒன்றாக வைத்துப் பயின்றதை நாமும் ஒன்றாகவே கற்கலாம்.