நிறுத்தக்குறியும் வேத விளக்கமும்

நிறுத்தக்குறிகளை அச்சகத்தாரின் அலுவல் என்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம் அவ்வெண்ணத்தை மறுக்கிறது.

கிரேக்க மூலத்தின் பண்டைய கையெழுத்துப் பிரதிகளில் மேற்கோட்குறி கிடையாது. பழந்தமிழ் எழுத்தும் அத்தகையதே. பொன்னமராவதிச் சிவன்கோயிற் கல்வெட்டுகளிலும் மேற்கோட்குறியையோ காற்புள்ளியையோ காண இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் அச்சேற்றிய உரைநடையில்தான் இக்குறிகள் தமிழில் வேரூன்றின. அதற்கு முன்னர், பிறர் கூற்று முடியுமிடத்தைக் காட்டியவை ‘என்று’, ‘என்றார்’ போன்ற சொற்களே.

நிக்கொதேமுவிடம் ஆண்டவர் உரைத்தது எங்கே முடிகிறது? பதினைந்தாம் வசனத்திலா, இருபத்தோராம் வசனத்திலா? 1946இல் வெளிவந்த ‘ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட்’ ஆங்கிலப் புதிய ஏற்பாடு மேற்கோளைப் பதினைந்தில் முடித்தது. அதன் வழிவந்த 1989ஆம் ஆண்டுப் புதுப்பதிப்போ இருபத்தொன்றில் முடித்தது. மூலம் மாறவில்லை, குறியே இடம் மாறிற்று.

பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம் மேற்கோட்குறியைக் கையாளவில்லை. அதனால் இச்சிக்கலுக்கு அது தப்பிற்று எனக் கருதலாகாது. இருபத்தோராம் வசனத்தை அது ‘என்றார்’ என முடிக்கிறது. அச்சொல் மூலத்தில் இல்லை. கூற்றை முடித்துக் காட்டும் தமிழ் மரபுக்கிணங்க மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. குறியைக் கண் மட்டுமே காணும். சொல்லையோ சபை முழுதும் கேட்கும். ஆதலால் இது குறியினும் வலிய தீர்ப்பு.

அத்தீர்ப்புக்கு ஆதாரம் உண்டு. பதினாறாம் வசனம் காரணங்காட்டும் இடைச்சொல்லால் முன்னதோடு பிணைந்துள்ளது. இராக்காலத்தில் வந்தவனிடம் ஒளியையும் இருளையும் பற்றிப் பேசுவதும் பொருத்தமே. மறுபக்கமும் வலுவற்றதன்று. ‘ஒரேபேறான’ என்பது முதல் அதிகாரத்தில் நற்செய்தியாளர் தம் கூற்றாகவே ஆளும் சொல். நிக்கொதேமுவும் அதற்குள் உரையாடலினின்று மறைந்துவிடுகிறான்.

மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்தது குற்றமன்று. எடுக்காமல் இருக்கவும் இயலாது. முடிவெடுக்கப்பட்டிருப்பதை வாசகர் அறியாதிருப்பதே குறை. ஓர் அடிக்குறிப்பு அதனைத் தீர்க்கும்.

பதினாறாம் வசனம் ஆண்டவரின் வாக்காயினும் நற்செய்தியாளரின் சாட்சியாயினும் திருமறையே. ஆயினும், ‘இயேசுவே இவ்வாறு கூறினார்’ என்பதன்மேல் வாதத்தைக் கட்டும் பிரசங்கியார், தாம் நிற்பது மூலத்தின்மேலா, ‘என்றார்’ என்னும் ஒரு சொல்லின்மேலா என்பதை அறிந்து நிற்றல் வேண்டும்.