அழியா உயிரணுவும் அறியாக் குடும்பமும்

மருத்துவ வரலாற்று நூல்கள் பல நம் அறிவை வளர்க்கின்றன; மனச்சான்றை வினவுபவை சிலவே. அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா ஸ்க்லூட் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட, ஹென்றியெட்டா லாக்ஸின் அழியா வாழ்வைப் பற்றிய ஆங்கில நூல் அச்சிலவற்றுள் ஒன்று. ஆய்வறத்தின் நோக்கில் அதனை ஈண்டு மதிப்பிட விழைகிறோம்.

1951இல், கருப்பைவாய்ப் புற்றுநோயுடன் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தவர் ஹென்றியெட்டா, கறுப்பினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய். அவரைக் கேளாமலே எடுக்கப்பட்ட திசு ஆய்வகத்தில் இடையறாது பெருகியது. அவரோ அவ்வாண்டு அக்டோபரில் தம் 31ஆம் வயதில் மறைந்தார். ‘ஹீலா’ எனப் பெயர் பெற்ற அவ்வுயிரணுக்கள் போலியோ தடுப்பூசிச் சோதனை முதலாக எண்ணற்ற ஆய்வுகளுக்கு அடித்தளமாயின. குடும்பத்தினர் இதனை அறிந்தது இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே.

எவரையும் கொடியவராகத் தீட்டாமை இந்நூலின் முதற்சிறப்பு. உயிரணுக்களை வளர்த்த ஜார்ஜ் கை அவற்றை விற்றுப் பொருளீட்டவில்லை. வேண்டிய ஆய்வாளர்க்கெல்லாம் வழங்கினார். இன்று ‘திறந்த அறிவியல்’ என நாம் போற்றும் பண்பு அது. எனினும் அப்பெண்ணின் பெயர் ‘ஹெலன் லேன்’ என்னும் பொய்ப்பெயரால் நெடுங்காலம் மறைக்கப்பட்டது. 1985இல் வெளிவந்த வேறொரு நூலோ, அவருடைய மருத்துவக் குறிப்புகளைக் குடும்பத்தின் இசைவின்றி அச்சேற்றியது. தாயின் இறுதி வேதனையை மகள் டெபோரா அந்நூலில் படித்தறியும் பகுதி நம்மை உலுக்குகிறது. வெளிப்பட வேண்டியது மறைந்தது. மறைய வேண்டியது வெளிப்பட்டது.

குறையும் ஒன்றுண்டு. பிற்பகுதியில் ஆசிரியர் டெபோராவின் அச்சங்களையும் உடல்நலிவையும் மிக விரிவாகவே காட்டுகிறார். இசைவு பெற்றே எழுதினார் என்பது உண்மை; ஆனால் டெபோரா 2009இல் மறைந்தார்; அச்சேறிய நூலை அவர் காணவில்லை. ஒருமுறை அளித்த இசைவு, எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் போதுமா? பிறரை வினவும் ஆசிரியர் இவ்வினாவைத் தம்மிடமும் இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்கலாம்.

நூல் வெளிவந்த பின்னரும் இதே சிக்கல் எழுந்தது. 2013 மார்ச்சில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர ஆய்வாளர்கள் ஹீலாவின் மரபணுத் தொகுதியை யாவரும் காண வெளியிட்டனர். விதி எதுவும் மீறப்படவில்லை. ஆயினும் தாயின் மரபணுவில் மக்கள், பேரர் ஆகியோரின் மறைபொருளும் அடங்கியுள்ளதன்றோ? எதிர்ப்பு எழவே, தரவு திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் குடும்பத்துடன் உடன்பாடு கண்டது. அதன்படி ஆய்வாளர் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தினரும் அமர்ந்த குழு அதனை ஆராயும். ஆய்வு தடைபடவில்லை, கேட்கும் மரியாதை மட்டுமே கூடியது.

அறிவைப் பகிர்தல் நன்றே. ஆனால் பகிரப்படுவது எவருடையது என்று முதலில் கேட்டறிதல் பகிர்பவரின் கடமை. 1951இல் எவரும் கேளாத அக்கேள்வியை வாசகர் உள்ளத்தில் எழுப்புவதே இந்நூலின் பயன் எனக் கருதுகிறோம்.