பட்டை தீட்டிய சிவப்பணு

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் பட்டை தீட்டிய சிவப்புக்கல்லைக் கண்டு மெய்மறந்து நிற்பவர்களுக்கெல்லாம் ஒரு படம் காட்ட ஆசைப்படுகிறேன். இறுகிப்போன ரத்தக்கட்டியின் உட்புறத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படம் அது.

பள்ளியில் நாம் வரைந்த சிவப்பணு நடுவில் குழிந்த வட்டத் தட்டு. அகலம் 7, 8 மைக்ரான். கட்டிக்குள் அதன் உருவமே வேறு. ரத்தம் உறைந்ததும் தட்டணுக்கள் ஃபைப்ரின் என்னும் புரத இழைகளைப் பற்றி உள்நோக்கி இழுக்கின்றன. இழையும் தட்டணுவும் ஓரத்தில் திரள, நடுவில் அகப்பட்ட சிவப்பணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பல முகங்கள் கொண்ட வடிவங்களாகின்றன. இம்மி இடைவெளி இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜான் வைசலின் குழு 2014இல் இதை விவரித்தது. காயத்தை அடைப்பது இந்த நெருக்கம்தான். மாரடைப்பில் கட்டியைக் கரைக்கும் மருந்தை எளிதில் உள்ளே விடாததும் இதுதான்.

ஓர இழைகளும் ரசிக்கத்தக்கவை. சுமார் 100 நானோமீட்டர் தடிமன். சாதாரண நுண்ணோக்கியின் ஒளிக்குப் பிடிபடாத நுணுக்கம். இழுத்தால் மூன்று மடங்குக்கு மேல் நீண்ட பிறகே அறும்.

படம் எடுப்பவரின் கைத்திறனை யாரும் பேசுவதில்லை. கட்டியை வேதிப்பொருளில் பதப்படுத்தி, ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி, கரியமில வாயுவின் துணையோடு உலர்த்த வேண்டும். வெறுமனே காயவிட்டால் நீரின் பரப்பு இழுவிசையில் இழைகள் சரிந்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மேலே சில நானோமீட்டர் தங்கம் பூசுவார்கள். ஆம், தங்கமேதான்.

ஆனால் இது உயிரற்ற அணுவின் படம். உயிருள்ள அணுவின் நெகிழ்வை அளந்த பணியில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. சென்னை ஐஐடியில் படித்த சுப்ரா சுரேஷ், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லிம் சுவீ டெக் உள்ளிட்டோர் லேசர் இடுக்கியால் ஒற்றைச் சிவப்பணுவை இழுத்துப் பார்த்தார்கள். மலேரியாக் கிருமி புகுந்த அணு 10 மடங்கு வரை விறைக்கிறது என்று 2005இல் எழுதினார்கள். சுரேஷ் பின்னர் 2018 முதல் 2022 வரை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி நிறம் காட்டாது. இதழ்களில் வரும் சிவப்பு பிறகு ஏற்றப்பட்டது. அது முகங்களின் நிழலை மழுக்கிவிடுகிறது என்பது என் தீர்மானமான கருத்து. இப்படியொரு படம் கண்ணில் பட்டால் நிறமேற்றாத மூலத்தைத் தேடிப் பிடியுங்கள். மூலையிலுள்ள அளவுகோலை முதலில் படியுங்கள், பிறகு நிதானமாகப் பாருங்கள்.