மிக்ஸிங் வால்வு: வாங்கும் விலை மட்டுமல்ல

சோலார் வாட்டர் ஹீட்டரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதுக்கோட்டை வெயிலுக்குத் தாராளமாகவே சூடாகும். கண்ணாடிக் குழாய் வகை என்றால் சித்திரையில் 70 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 60 டிகிரி தண்ணீர் சுமார் 5 வினாடியில் பெரியவர்கள் தோலையே ஆழமாகப் பொசுக்கிவிடும். பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அதனால் அறந்தாங்கிப் பக்கம் நான் கவனித்துக்கொள்ளும் மாணவர் விடுதியில், ஹீட்டருக்கும் குளியலறைக்கும் நடுவே தெர்மோஸ்டாட் மிக்ஸிங் வால்வு பொருத்தினோம்.

வால்வுக்குள் இருக்கும் மெழுகு, சூடு ஏறினால் விரிந்து வெந்நீர் வழியைக் குறுக்கும், பச்சைத் தண்ணீர் வழியை அகலமாக்கும். பச்சைத் தண்ணீர் நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதன் பக்கம். தொட்டிச் சூட்டையே குறைத்துவிடலாமே என்பார்கள். கூடாது. வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். நோயாளிகள் இருக்கும் இடத்தில் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தொட்டியில் சூடாக வைத்து, குழாயில் கலந்து கொடுப்பதே சரி.

என்னை வாட்டி எடுப்பது உப்பு. எங்கள் போர் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் படியும். சூடு பட்டால் இன்னும் வேகமாகப் படியும். முதலில் வடிகட்டி வலை அடைத்தது, பிறகு உள்ளே நகரும் பாகம் இறுகியது. 40 டிகிரிக்கு வைத்திருந்தும் குழாயில் தெர்மாமீட்டர் 47 காட்டியது. பார்வைக்கு வால்வு புதிதுபோலவே இருந்ததுதான் பயம். கழற்றி சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப்போட்ட பிறகே சரியானது. தண்ணீர் வேகமும் ஒரு தொல்லை. அழுத்தம் மிகுந்த குழாய்களுக்கென்று செய்த வால்வு, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை நூல்போலத்தான் விடுகிறது. பெட்டியின்மேல் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

குளிர்நாட்டில் இதே கவலை ரேடியேட்டரில் வருகிறது. பிரிட்டன் மருத்துவமனைகளில், நோயாளி மேலே படக்கூடிய ரேடியேட்டரின் மேற்பரப்பு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வழிகாட்டுதல். அதற்கென உறை போட்டால், உறையைக் கழற்றி உள்ளே தூசி துடைக்கும் வேலையும் ஆண்டுதோறும் சேர்கிறது. பாதுகாப்பான பொருளின் செலவு பெரும்பாலும் பராமரிப்பில்தான். எங்களுக்கும் அப்படியே: வலை, வாஷர், பிளம்பர் கூலி, என்றாவது மாற்ற வேண்டிய கார்ட்ரிட்ஜ். வாங்கும்போது கையெழுத்துப் போடும் நிர்வாகம் இதற்கும் ஒரு தலைப்பில் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஒதுக்காவிட்டால், வால்வு இருக்கிறதென்ற தைரியத்தில் பிள்ளையை வெந்நீருக்கு அடியில் நிறுத்துகிறோம்.

வாங்கச் சொல்வேன். இரு பக்கமும் அடைப்பு வால்வு, முன்பக்கமாகக் கழற்ற வருகிற கார்ட்ரிட்ஜ், வாரம் ஒருமுறை தெர்மாமீட்டர், அளவைக் குறிக்க ஒரு நோட்டு, இவை நான்கும் கட்டாயம். உதிரி கார்ட்ரிட்ஜ் கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வால்வு வேண்டாம்.